உமிழ்நீர் சொல்லும் சாட்சி

(திருவிழாவை முன்னிட்டு ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற நலவாழ்வுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எச்சில் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பது ஆலய மரபில் வளர்ந்தோரின் இயல்பு. மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர் அதன் சுவையை நாவில் இட்டுப் பார்ப்பதில்லை. பூத்தொடுக்கும் பெண்கள் நூலைப் பல்லால் கடிப்பதில்லை. இறைவனுக்கு உரியவற்றில் எச்சில் படலாகாது என்பது தொன்றுதொட்டு வரும் ஒழுக்கம். ஆயினும், அறுபத்து மூவருள் ஒருவராகிய கண்ணப்பர் தம் வாயில் முகந்து வந்த நீரையே திருமஞ்சனமாக இறைவன் ஏற்றுக்கொண்டதாகப் பெரியபுராணம் கூறுகின்றது. பிறர் அழுக்கைக் கண்ட இடத்தில் இறைவன் அன்பைக் கண்டான்.

இன்றைய மருத்துவ அறிவியலும் உமிழ்நீரைப் புதியதொரு கண்கொண்டு பார்க்கின்றது. உடலுக்குள் ஓசையின்றி நடைபெறும் ஓர் அழிவுக்கு அது சாட்சி சொல்கின்றது என்று கண்டறிந்துள்ளது. அந்த அழிவின் பெயர் ஈறு நோய். அதனைப் பற்றியும், உமிழ்நீரில் கலந்துள்ள நொதிகள், அதாவது என்சைம்கள், அதனை எவ்வாறு காட்டிக் கொடுக்கின்றன என்பது பற்றியும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வலியில்லாத திருடன்

பல்லில் சொத்தை விழுந்தால் வலிக்கும். வலித்தால் மனிதன் மருத்துவரைத் தேடி ஓடுவான். ஈறு நோயோ பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் துலக்கும்போது சிறிது இரத்தம் கசியும். "தூரிகை குத்திவிட்டது" என்று எண்ணிக் கழுவிவிடுவர். வாயில் துர்நாற்றம் வீசும். கிராம்பை மென்று மறைத்துவிடுவர். ஈறு கீழிறங்கிப் பல் நீண்டது போலத் தோன்றும். "வயதாகிவிட்டது" என்று தேற்றிக்கொள்வர். கடைசியில் ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் ஆடும். அதற்குள் அப்பல்லைத் தாங்கிய எலும்பின் பெரும்பகுதி கரைந்து போயிருக்கும்.

இந்நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும். இக்கட்டத்திலிருந்து முழுமையாக மீள முடியும். இரண்டாம் கட்டத்தில், பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார்களும் எலும்பும் அழியும். அவ்வாறு அழிந்த எலும்பு பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. முதற்கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்திற்கு யார் செல்வர், எப்பொழுது செல்வர் என்பதை முன்கூட்டியே அறிவதுதான் பல் மருத்துவ உலகின் நெடுநாளைய கேள்வியாகும்.

நார்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞர் 1965ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஈறு நலமாயிருந்த பன்னிருவர், பல் துலக்குவதை வேண்டுமென்றே நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அவர்கள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் பல் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. பல்லின்மேல் படியும் கிருமிப் படலமே ஈறு வீக்கத்திற்குக் காரணம் என்பது இதனால் ஐயமற நிறுவப்பட்டது.

தேயிலைத் தோட்டம் கற்பித்த பாடம்

அப்படியானால், கிருமிப் படலம் மிகுந்தோர் அனைவரும் பல்லை இழப்பரோ என்னும் கேள்வி எழுகின்றது. இதற்கு விடை தந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்களே ஆவர்.

1970ஆம் ஆண்டில் அதே ஹரால்ட் லோவின் குழுவினர் இலங்கை மலையகத்திற்குச் சென்றனர். அங்கு இரண்டு தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்த 480 ஆண் தொழிலாளர்களின் வாய்நலத்தைப் பரிசோதித்தனர். 15 ஆண்டுகள் இடைவெளி விட்டு விட்டு அவர்களையே மீண்டும் மீண்டும் பார்வையிட்டனர். இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தோரைப் போலவே, அவர்களுடைய முன்னோரும் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்றவர்கள். பல் மருத்துவ வசதி அவர்களுக்கு எட்டவில்லை. தூரிகை கொண்டு பல் துலக்கும் வழக்கமும் அவர்களிடம் இல்லை. ஏறத்தாழ எல்லோருடைய பற்களிலும் படலமும் காரையும் படிந்திருந்தன. எல்லோருடைய ஈறுகளும் வீங்கியிருந்தன. ஆயினும் சொத்தைப் பல் அவர்களிடையே அரிதாகவே இருந்தது. எனவே அவர்கள் இழந்த பற்கள் யாவும் ஈறு நோயால் இழந்தவையே எனக் கொள்ள முடிந்தது.

1986ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு உலகையே வியப்பில் ஆழ்த்தியது. ஒரே தோட்டம், ஒரே உழைப்பு, ஒரே வகை உணவு, ஒரே அளவு அழுக்கு. இருந்தும் அவர்களுடைய கதி மூன்று வகையாகப் பிரிந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் காட்டுத் தீ போல் பரவியது. அத்தகையோர் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் அனைத்துப் பற்களையும் இழந்தனர். நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெல்ல முன்னேறியது. அவர்கள் 45 வயதளவில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். எஞ்சிய 11 பேருக்கோ ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் செல்லவே இல்லை.

40 ஆண்டுகள் கழித்து, 2010ஆம் ஆண்டில் அவர்களுள் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். கல்வி வசதியும் மருத்துவ வசதியும் குறைந்த அந்த எளிய மனிதர்களின் வாயிலிருந்து கிடைத்த பாடம், இன்று உலகெங்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றது. அப்பாடம் இதுதான்: கிருமி நோயைத் தொடங்கி வைக்கின்றது, ஆனால் அழிவின் வேகத்தைப் பெருமளவு முடிவு செய்வது அவரவர் உடல் அக்கிருமியை எதிர்கொள்ளும் விதமே. வாயின் அழுக்கை மட்டும் பார்த்து, அந்த 8 பேர் யார், 11 பேர் யார் என்று எவராலும் பிரித்தறிய முடியாது.

தலைப்பிரட்டையின் வால்

எலும்பையும் நாரையும் அழிப்பது எது? இவ்வினாவிற்கான விடையின் தொடக்கம் வாயில் கிடைக்கவில்லை, குளத்தில் கிடைத்தது.

தவளையின் குஞ்சாகிய தலைப்பிரட்டைக்கு வால் உண்டு. அது தவளையாக வளரும்போது அந்த வால் அறுந்து விழுவதில்லை, கரைந்து மறைகின்றது. அது எவ்வாறு கரைகின்றது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் ஆகிய இருவரும், உடலின் உறுதியான நார்ப்பொருளாகிய கொலாஜனை வெட்டும் நொதி ஒன்று அந்த வாலில் இருப்பதை 1962ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் மனித உடலிலும் உள்ளன என்பது பின்னர் தெளிவாயிற்று. புண் ஆறுவதற்கும், பழைய திசு நீங்கிப் புதிய திசு வளர்வதற்கும் அவை துணை நிற்கின்றன. அளவோடு இருக்கும் வரை அவை உடலுக்கு நண்பர்களே.

அந்தக் குடும்பத்தில் எம்.எம்.பி.-8 என்று பெயர் பெற்ற நொதியே ஈறு நோயில் முதன்மையானது. ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கில் கிருமிகள் குவியும்போது, உடலின் காவலர்களாகிய வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன. கிருமிகளை எதிர்க்கும் முயற்சியில் அவை இந்நொதியைப் பெருமளவில் வெளியிடுகின்றன. கிருமிகளோ படலத்திற்குள் கோட்டை கட்டி அமர்ந்திருக்கின்றன. போர் நீள்கின்றது. வெளியிடப்பட்ட நொதி பல்லைப் பிணைக்கும் கொலாஜன் நார்களையே வெட்டத் தொடங்குகின்றது. கள்வனைப் பிடிக்க வந்த காவலர் வீட்டின் தூணையே வெட்டிச் சாய்ப்பதற்கு இது ஒப்பாகும். கிருமிகள் சுரக்கும் நொதிகளும் இவ்வழிவிற்குத் துணை செய்கின்றன என்றாலும், பெரும் பங்கு உடலின் சொந்தப் படைக்கலங்களுடையதே.

இந்த இடுக்கிலிருந்து ஒரு வகைத் திரவம் சிறிது சிறிதாகக் கசிந்து உமிழ்நீரில் கலக்கின்றது. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றது. அதில் நூற்றுக்கு 99 பங்கு தண்ணீர். எஞ்சிய ஒரு பங்கில், மாவுப் பொருளைச் செரிக்கச் செய்யும் அமைலேஸ், கிருமிகளைத் தடுக்கும் லைசோசைம் முதலான இயல்பான நொதிகள் உள்ளன. அவற்றோடு, ஈற்றில் போர் நடக்கும்போது எம்.எம்.பி.-8 என்ற நொதியும் மிகுந்து காணப்படுகின்றது. உயிரணுக்கள் சிதையும்போது வெளிப்படும் ஏ.எஸ்.டி., எல்.டி.ஹெச். போன்ற நொதிகளும், எலும்பின் மாற்றத்தோடு தொடர்புடைய ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதியும் அவ்வாறே மிகுகின்றன. இவற்றுள் சில, கல்லீரல் நலத்தை அறிய எடுக்கும் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பலரும் கண்டிருக்கக்கூடிய பெயர்களே.

வரலாறும் நிகழ்காலமும்

பல் மருத்துவர் ஈறு நோயை அறிவதற்கு மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈற்றின் இடுக்கில் நுழைத்து ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் அது இயல்பு. 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் அங்கே பை போன்ற பள்ளம் விழுந்துள்ளது என்று பொருள். எக்ஸ்ரே படம் எடுத்தால் எலும்பு எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது தெரியும். இவை இரண்டும் இன்றியமையாதவை. ஆயினும் இவை காட்டுவது நடந்து முடிந்த வரலாற்றை. வெள்ளம் வடிந்த பின் சுவரில் தெரியும் நீர்க்கோட்டைப் போன்றவை அவை. தண்ணீர் இப்பொழுது ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பதை அக்கோடு சொல்லாது.

உமிழ்நீரில் உள்ள நொதியின் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. அழிவு நடைபெறும்போதே அது மிகுகின்றது. முறையான சிகிச்சை பெற்று ஈறு ஆறும்போது அது குறைகின்றது. ஆகவே அது நிகழ்காலத்தைச் சொல்லும் சாட்சியாகும்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் டிமோ சோர்சா என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் எம்.எம்.பி.-8 நொதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அவர்களுடைய ஆய்வின் பயனாக, செயல்படும் நிலையிலுள்ள அந்நொதியை மட்டும் இனங்காணும் சிறு சோதனைப் பட்டை ஒன்று உருவாக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில், கோவிட் பெருந்தொற்றின்போது உமிழ்நீரைக் குழாயில் துப்பிச் செய்யும் சுயபரிசோதனைப் பெட்டிகள் மலேசியாவில் விற்பனைக்கு வந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். இதுவும் ஏறக்குறைய அத்தகையதே. தூய நீரைச் சிறிதளவு வாயில் விட்டு அரை நிமிடம் கொப்பளித்து ஒரு கிண்ணத்தில் உமிழ வேண்டும். அதிலிருந்து சில துளிகளைப் பட்டையில் விட்டால், 5 முதல் 10 நிமிடங்களில் கோடு தோன்றும். ஒரே கோடு தோன்றினால் நொதி குறைவு. இரண்டு கோடுகள் தோன்றினால் நொதி மிகுதி. ஒரு மில்லிலிட்டர் நீரில் 20 நானோகிராம் என்பதே எல்லைக்கோடு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு நானோகிராம் ஆகும். ஊசி இல்லை, வலி இல்லை, இரத்தமும் இல்லை.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்வதே முறை. எந்தப் பல்லில் நோய் உள்ளது என்பதை இச்சோதனை சொல்லாது. வாய் முழுவதற்குமான பொதுவான செய்தியையே அது தரும். ஓரிரு பற்களில் மட்டும் நோய் இருந்தால் நொதி நீர்த்துப் போய்ச் சோதனைக்குத் தப்பிவிடவும் கூடும். ஆகவே ஒற்றைக் கோட்டைக் கண்டு மகிழ்ந்து பல் மருத்துவரைப் பார்க்காமல் இருப்பது பேதைமை. கோயில் மணி பூசையின் நேரத்தை அறிவிக்கும். பூசையை மணி செய்துவிடாது. சோதனையும் அத்தகையதே.

மற்றொரு பயனும் இந்த ஆராய்ச்சியால் விளைந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு, கொலாஜனை வெட்டும் நொதியையும் அடக்குகின்றன என்பதை நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லோர்ன் கோலப்பும் அவர்தம் குழுவினரும் 1983ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்து, கிருமியைக் கொல்லும் அளவினும் குறைந்ததாகிய 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரை, ஈறு நோய்க்கான துணை மருந்தாக 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. மருத்துவரின் ஆலோசனையின்றி எவரும் இதனை உட்கொள்ளலாகாது. எனினும், பகைவன் யார் என்று அறிந்தால் மருந்தும் பிறக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

இனிப்பு நீரும் ஈறும்

இத்தனையும் ஓர் ஆலய மண்டபத்தில் எடுத்துரைக்கப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. பேச்சு வழக்கில் இனிப்பு நீர் என்று சொல்லப்படும் நீரிழிவு நோய், 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்போருள் இந்நோய் தீண்டாத குடும்பம் ஒன்றைக் காண்பது அரிது.

இலங்கைத் தொழிலாளர்களை ஆராய்ந்த அதே ஹரால்ட் லோதான் 1993ஆம் ஆண்டில் ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று பெயரிட்டு எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய்கள் ஆகியவை கெடுவதும், புண் ஆறாமையும் ஏற்கனவே பேசப்பட்டவை. ஈற்றை அவர் அவ்வரிசையில் சேர்த்தார். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்போருக்கு ஈற்றின் அழற்சி மிகும், அழிவும் விரையும். அதுமட்டுமன்று, ஈற்றில் தொடர்ந்து அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று எண்ணெய் வார்க்கும் இரண்டு தீபங்கள் போன்றவை. நல்ல செய்தி யாதெனில், ஈறு நோய்க்கு முறையான சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனையில் ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைகின்றது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள் உறுதி செய்துள்ளனர்.

காலிலே சிறு புண் வந்தால் அஞ்சி ஓடும் நீரிழிவு நோயாளி, வாயிலே நாள்தோறும் இரத்தம் கசிந்தாலும் அஞ்சுவதில்லை. 28 பற்களைச் சுற்றியும் ஈறு வீங்கிப் பள்ளம் விழுந்திருந்தால், அந்தப் புண்கள் அனைத்தையும் ஒன்றாக விரித்து வைத்துப் பார்த்தால் உள்ளங்கை அளவு இருக்கும் என்று மருத்துவர்கள் ஒப்பிட்டுக் கூறுவதுண்டு. உள்ளங்கை அளவு புண் காலில் இருந்தால் யார்தான் வாளாவிருப்பர்?

இன்றே செய்யத் தக்கவை

பல ஆலயங்கள் திருவிழாவையொட்டி இலவச மருத்துவ முகாம்கள் நடத்துகின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அங்கே அளக்கப்படுகின்றன. அதே மேசையின் அருகே ஒரு பல் மருத்துவர் அமர்ந்து ஈற்றைப் பார்வையிட ஏற்பாடு செய்தால் எத்துணை நன்மை விளையும்! உமிழ்நீர்ச் சோதனைகள் பரவலாகக் கிடைக்கும் காலம் வரும்போது அவையும் அம்மேசையில் இடம்பெறத் தக்கவை. நீண்ட வரிசையில் காத்திருக்கும் முதியவர்களுக்கு, யார் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை அவை பிரித்துக் காட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால் அந்த இடத்தைத் துலக்காமல் விடுவது தவறு. மென்மையான தூரிகையால் அதனை மேலும் கவனமாகத் துலக்கி, விரைவில் பல் மருத்துவரைக் காண வேண்டும். அரசாங்கப் பல் மருத்துவ நிலையங்களில் குறைந்த கட்டணத்திலேயே பரிசோதனை செய்துகொள்ளலாம். பற்களில் படிந்த காரையை வீட்டில் நீக்க இயலாது; மருத்துவர்தான் நீக்க வேண்டும். கரித்தூளும் சாம்பலும் கொண்டு தேய்த்த காலத்தை நினைந்து பெருமை கொள்வோர், அவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும் என்பதையும் அறிதல் வேண்டும்.

புகை பிடிப்போர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். புகை ஈற்றின் இரத்தக் கசிவை மறைத்துவிடும். இரத்தம் வரவில்லை என்பதனால் நோயில்லை என்று அவர்கள் எண்ணிவிடலாகாது. உண்மையில் அவர்களுக்கே அழிவு விரைவாக நடக்கின்றது. நீரிழிவு உள்ளோர், சர்க்கரை பரிசோதனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் "ஈறு எப்படி இருக்கின்றது?" என்று தம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

பல் போனால் சொல் போகும் என்பது முதுமொழி. பல்லை இழந்தவர் உணவின் சுவையை மட்டும் இழப்பதில்லை. தேவாரம் ஓதும்போது எழுத்தின் ஒலியையும், பேரப் பிள்ளைகளுக்கு முன்னால் வாய்விட்டுச் சிரிக்கும் துணிவையும் இழக்கின்றார். இலங்கைத் தோட்டத்தில் 45 வயதிலேயே எல்லாப் பற்களையும் இழந்த அந்த மனிதர்களுக்கு, முன்கூட்டியே எச்சரிக்க ஒருவரும் இல்லை. எச்சரிக்கும் கருவியும் அன்று இல்லை. அவர்களுடைய இழப்பிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது. அதே வழியில் கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அப்பாடத்தைக் கேட்டும் கேளாதவர் போல் இருந்துவிடலாகாது.

உமிழ்நீர் நாள்தோறும் சாட்சி சொல்கின்றது. அதற்குச் செவி சாய்ப்பது அவரவர் கையில் உள்ளது. எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அனைவரும் நோயற்ற வாழ்வு பெறுவார்களாக.